அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி?

உங்கள் வீட்டில் ஆயுஷ்மான் அட்டை இருக்கிறதா? இருந்தால் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பீர்கள். நல்லது. ஆனால் இன்னொரு கேள்வி. அந்த அட்டையை ஏற்றுக்கொள்ளும் ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது? அங்கே நடு இரவிலும் டாக்டர் இருப்பாரா?

பலருக்கு இது தெரியாது. ஆபத்து வந்த பிறகுதான் தேடுகிறோம். அப்போது கை நடுங்கும். யோசனை ஓடாது. பக்கத்து வீட்டார் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நேரம் போய்விடும். அதனால் எல்லோரும் நலமாக இருக்கும் நாளிலேயே தேடி வைக்க வேண்டும்.

அட்டை எதற்கு?

2018 செப்டம்பர் 23 அன்று ஜார்க்கண்ட் மாநிலத்தின் ராஞ்சியில் இந்தத் திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீடு இது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவைத் திட்டமே கொடுக்கும். குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் சரி. 2024 அக்டோபரில் 70 வயது ஆன முதியவர்களையும் சேர்த்தார்கள். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

தமிழ்நாட்டில் இது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது.

மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று. ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால்தான் இந்தக் காப்பீடு உதவும். சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரையோடு வீடு திரும்பினால் உதவாது.

இரண்டு. எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் இதில் இல்லை. அரசின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிதான் அட்டையை ஏற்கும்.

மூன்று. பட்டியலில் இருந்தாலும் எல்லா நோய்க்கும் இருக்காது. கண்ணுக்கு மட்டும் சேர்ந்த ஆஸ்பத்திரி உண்டு. நெஞ்சு வலிக்கு அங்கே போனால் பயன் இல்லை.

எப்படித் தேடுவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நர்சைக் கேளுங்கள். ஊரில் ஆஷா பணியாளர் இருந்தால் அவரையும் கேளுங்கள்.

14555 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது திட்டத்தின் உதவி எண். காசு கிடையாது. உங்கள் மாவட்டத்தின் பெயரைச் சொல்லி, அட்டையை ஏற்கும் ஆஸ்பத்திரிகள் எவை என்று கேளுங்கள்.

பிறகு ஒரு நாள் அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போய் வாருங்கள். அங்கே ஆரோக்கிய மித்ரா என்று ஒருவர் இருப்பார். அட்டைக்காரர்களுக்கு உதவுவதே அவர் வேலை. அவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

இரவில் அவசர சிகிச்சைக்கு டாக்டர் இருப்பாரா?

மாரடைப்பு, விபத்து, பிரசவம் ஆகியவற்றுக்கு இங்கே அட்டை செல்லுமா?

தலையை ஸ்கேன் எடுக்கும் இயந்திரம் உண்டா?

பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிறதா?

ஸ்கேன் பற்றி ஏன் கேட்க வேண்டும்? ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணுகிறது. ஒரு கை தூக்க வரவில்லை. பேச்சு குழறுகிறது. இது பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டிருக்கலாம். ரத்தக்குழாய் வெடித்தும் இருக்கலாம். எது என்று ஸ்கேனில்தான் தெரியும். அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு. பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். ஸ்கேன் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நேரம் வீணாகிவிடும்.

பிழைப்புக்காக வேறு மாநிலம் போகிறீர்களா? செங்கல் சூளையாக இருக்கலாம். கட்டட வேலையாக இருக்கலாம். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். திட்டத்தில் சேர்ந்த வேறு மாநிலத்திலும் அது செல்லும். போன ஊரிலும் ஆஸ்பத்திரியைத் தேடி வையுங்கள்.

உயிர் முதலில், அட்டை பிறகு

உயிருக்கு ஆபத்து என்றால் அட்டையைத் தேடி நிற்காதீர்கள். 108 அல்லது 112 எண்ணைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீட்டில் ஒருவர் அட்டையைப் பிறகு கொண்டு வரலாம். ஆதார் எண்ணை வைத்தும் ஆரோக்கிய மித்ரா உங்கள் பெயரைத் தேடுவார்.

அவசர சிகிச்சை யாரோ போடும் பிச்சை அல்ல. அது நம் உரிமை. அந்த உரிமையை ஒரு விவசாயத் தொழிலாளியின் வழக்கு உறுதி செய்தது.

1992 ஜூலை 8. மேற்கு வங்கத்தில் மதுராப்பூர் ரயில் நிலையம். அவர் ரயிலிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் பலத்த அடி. அவரைக் கல்கத்தாவுக்குக் கொண்டு போனார்கள். ஒரு அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றார்கள். அடுத்ததிலும் இல்லை என்றார்கள். இப்படிப் பல ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 17,000 ரூபாய் செலவானது.

அவருடைய சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 மே மாதம் தீர்ப்பு வந்தது. உயிர் வாழும் உரிமையை அரசியல் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி தக்க நேரத்தில் சிகிச்சை தராவிட்டால் அந்த உரிமை பறிபோகிறது. பணம் இல்லை என்று அரசு சாக்குச் சொல்ல முடியாது. இவ்வாறு நீதிமன்றம் சொன்னது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது.

அதற்கு முன்பே, 1989இல், உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சொல்லியிருந்தது. அடிபட்டு வந்தவரின் உயிரைக் காப்பதே டாக்டரின் முதல் கடமை. அவர் அரசு டாக்டரானாலும் சரி, தனியார் டாக்டரானாலும் சரி. போலீஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விபத்தில் சிக்கியவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பயப்பட வேண்டாம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

2025இல் சாலை விபத்துக்கு என்று தனித் திட்டமும் வந்தது. அடிபட்டவருக்கு விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமல் சிகிச்சை கிடைக்கும். அதற்கென்று குறித்த ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

பணம் கேட்டால்?

பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி, திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆரோக்கிய மித்ராவிடம் சொல்லுங்கள். 14555க்குப் போன் செய்யுங்கள். பணம் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு எழுதுங்கள். தேதி, நேரம், கேட்ட தொகை ஆகியவற்றை எழுதுங்கள். ரசீதின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதுங்கள். வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. அட்டையை ஏற்கும் பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயர்:

2. அங்கே போக எத்தனை கிலோமீட்டர்:

3. ஆஸ்பத்திரியின் போன் எண்:

4. இரவில் வண்டி தருபவர் பெயரும் எண்ணும்:

5. ஆம்புலன்ஸ்: 108, 112

6. அட்டை இருக்கும் இடம்: