பிடிபட்ட பையன் ஊர் திரும்பும்போது

ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் பக்தர் ஒருவரின் செல்போனை எடுத்துப் பதினாறு வயதுப் பையன் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் முதலில் அடிக்கும், பிறகு வீடியோ எடுக்கும். அந்த வீடியோவைப் பரப்புவது குற்றம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவின்படி, சிறாரை அடையாளம் காட்டினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

பெற்றோர் காவல் நிலையத்துக்குக் கையோடு எடுத்துப்போக வேண்டியது பள்ளிச் சான்றிதழ். இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். வயதை உறுதிசெய்யச் சட்டம் சொல்லும் ஆவணங்களில் ஆதார் இல்லை. பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு லாக்கப் கிடையாது, கைவிலங்கு கிடையாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன் தருவதுதான் விதி. மறுத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.

ஜாமீன் கிடைக்காதவன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போவான். தஞ்சாவூரில் ஒன்று இருக்கிறது. குற்றம் உறுதியானால் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். கொடுங்குற்றம் செய்த பதினாறு வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் நடைமுறை வேறு.

‘உள்ளே கிடந்தால் தானே திருந்துவான்’ என்று பெற்ற தகப்பனே சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் இறந்துபோனான், ஊழியர்கள் கைதானார்கள். இந்த இல்லங்களைச் சீரமைக்கப் பரிந்துரை கேட்டு, முன்னாள் நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக 2023-இல் அரசு அமர்த்தியது. அடியும் பூட்டும் ஒரு பிள்ளையையும் திருத்தியதில்லை.

திருத்தக்கூடியது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எழுதப்பட வேண்டிய பராமரிப்புத் திட்டம். படிப்பு ஏன் நின்றது, போதைப் பழக்கம் உண்டா, யாரோடு சுற்றினான், என்ன கற்க ஆசை என்பதையெல்லாம் அவனிடமே கேட்டு எழுத வேண்டும். பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நன்னடத்தை அலுவலரிடம் கேளுங்கள். கடலோரப் பையனுக்குப் போட் இன்ஜின் பழுதுபார்க்கத் தெரிந்தால் உள்ளூரிலேயே பிழைப்பு உண்டு. அவன் அதைக் கேட்டும் திட்டத்தில் வேறு ஏதோ தொழில் இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பார்க்கப் போவதையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளை செங்கல்பட்டில் இருந்தால், வேளாங்கண்ணியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் ஆகும். ஆனாலும் அம்மா வந்துபோகிற பிள்ளைக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்ற தெம்பு இருக்கும். உடம்பில் காயம் தெரிந்தாலோ, வழக்கமாகப் பேசுகிறவன் வாயே திறக்காவிட்டாலோ, குழுமத்துக்கு எழுதிக் கொடுங்கள், 1098-க்கும் சொல்லலாம். குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்தைப் பார்வையிட வேண்டும். பிள்ளையைக் கொடுமைப்படுத்தும் ஊழியருக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல் உண்டு.

வெளியே வந்த முதல் சில மாதங்கள்தான் கண்டம். பள்ளியில் தயங்குவார்கள், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், பழைய கூட்டாளி மட்டும் வாசலில் நிற்பான். பதினெட்டு முடிந்து வெளியேறுபவருக்குப் பிற்பராமரிப்பு உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். 24-ஆம் பிரிவின்படி அந்தக் குற்றத்தால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழிக்க வேண்டும். பழைய வழக்கைக் காட்டி யாராவது வேலையோ படிப்போ மறுத்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார். அழைக்க வேண்டிய எண் 15100.