முழங்கால் ஊசிக்கு முன் அறிய வேண்டியவை

மூட்டுத் தேய்மானத்துக்கு முழங்காலுக்குள் போடப்படும் ஊசிகள் எல்லாம் ஒரே மருந்து அல்ல என்பதையும், எலும்பு முனைகள் உரசாமல் காக்கும் குருத்தெலும்பை, அதாவது பேச்சுவழக்கில் ஜவ்வு எனப்படுவதை, அவற்றில் எதுவும் மீண்டும் வளர்த்துவிடும் என்று நிறுவப்படவில்லை என்பதையும் பழங்காநத்தம் போன்ற மதுரைப் பகுதிகளில் இச்சிகிச்சையை நாடும் முதியோர் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசியின் பலன் பெரும்பாலும் சில வாரங்களே நீடிக்கும். நீரிழிவு உள்ளோருக்கு அடுத்த சில நாள்கள் சர்க்கரை அளவு உயரக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என ஈராண்டு ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு, உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததையும் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாததையும் 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மூட்டுத் திரவத்தை ஒத்த ஜெல் ஊசியின் பயன் மிகச் சிறிதே. நோயாளியின் இரத்தத்திலிருந்து தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசியும், 288 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஓராண்டு முடிவில் உப்புநீர் ஊசியை விஞ்சவில்லை. ஸ்டெம் செல் சிகிச்சையோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, மூட்டுத் தேய்மானத்தில் அப்போது ஆராய்ச்சி நிலையிலேயே இருந்தது. அதை உறுதியான குணமாக விற்பது ஏற்கத்தக்கதன்று.

சிகிச்சையின் தன்மை, பயன், குறிப்பிடத்தக்க ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை விளக்கிய பின்னரே சம்மதம் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் கூறியது. எனவே எடைக் குறைப்பு, தொடைத் தசைப் பயிற்சி போன்ற மாற்று வழிகளையும், மருந்தின் பெயர், அளவு, விலை ஆகியவற்றையும் கேட்பது நோயாளியின் உரிமை; அதை மருத்துவர்மீதான அவநம்பிக்கையாகக் கருதலாகாது. மருத்துவமனையில் சேர்ந்து பெற்ற சிகிச்சையின் ஆவணங்களை எழுத்தில் கேட்டால், 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளின்படி, 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

வலி குறையவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவுக்குச் சான்றாகாது. ஆனால் விளக்கமின்றிச் சம்மதம் பெற்றதாலோ, தூய்மை பேணாததாலோ தீங்கு நேர்ந்திருந்தால், கட்டணம் செலுத்தியவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சேவை தரும் மருத்துவமனைகள் இச்சட்டத்துக்குள் வராது. எனினும் மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் அளிக்கலாம்.

ஊசிக்குப் பின் காய்ச்சல், மூட்டில் சூடு, கூடிக்கொண்டே போகும் வலியுடன் வீக்கம் ஆகியவை தோன்றினால், அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கக்கூடும் என்பதால், மறுநாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.