34 வாய்ப்பு, 2 ஹிட்: ஜாக்சன் ஹாலிடே ஏறிய ஏணி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகத் திருத்தப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.)

2023-ல எனக்கு ஒரு விநோதமான பழக்கம் வந்துச்சு. காலையில எழுந்ததும் வாட்ஸ்அப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி, அமெரிக்காவுல ஏதோ ஒரு சின்ன ஊர் டீமோட ஸ்கோர்கார்டைப் பார்ப்பேன். டீம் ஜெயிச்சுதா தோத்துதான்னு எனக்குக் கவலையே இல்ல. 19 வயசுப் பையன் ஒருத்தன் நேத்து எத்தனை ஹிட் அடிச்சான்? அது மட்டும் தெரியணும். பையன் பேரு ஜாக்சன் ஹாலிடே.

இன்னைக்கு எபிசோட் அவனைப் பத்தி. அவனை வச்சு, பேஸ்பால்ல மைனர் லீக்னு ஒண்ணு இருக்கே, அது எப்படி வேலை செய்யுதுன்னும் பார்த்துடலாம்.

முதல்ல ஏணி

மேஜர் லீக்ல 30 டீம். ஒவ்வொரு டீமுக்கும் கீழே நாலு நிலைகள்ல நாலு டீம்: லோ-ஏ, ஹை-ஏ, டபிள்-ஏ, ட்ரிபிள்-ஏ. மொத்தம் 120. நம்ம கிரிக்கெட்ல ரஞ்சி டிராஃபிக்கு ஒவ்வொரு மாநிலமும் தன் டீமைத் தானே எடுக்கும். இங்க அப்படி இல்ல. மைனர் லீக் வீரரோட ஒப்பந்தம் மேலே இருக்கிற மேஜர் லீக் கிளப்கிட்ட இருக்கு. யார் எந்த நிலையில ஆடணும், எப்போ மேலே வரணும், எப்போ கீழே போகணும், எல்லாத்தையும் முடிவு பண்றது அந்தக் கிளப்தான். உள்ளூர் டீம் சாம்பியன் ஆகப்போற வாரத்துல அதோட நல்ல பேட்ஸ்மேனை மேலே தூக்கிட்டுப் போயிடுவாங்க. யாரும் கேள்வி கேட்க முடியாது.

சம்பளத்தையும் சொல்லிடறேன். மைனர் லீக் வீரர்களுக்கு யூனியன் வழியா முதல் ஒப்பந்தம் வந்ததே 2023-லதான். அதுக்கு முன்னாடி லோ-ஏ வீரருக்குக் குறைந்தபட்சம் வருஷத்துக்கு 11,000 டாலர். ஒப்பந்தத்துக்கு அப்புறம் அது 26,200 ஆச்சு. ட்ரிபிள்-ஏல 35,800. அதுக்கு ஒரு படி மேல, மேஜர் லீக்ல, 2024-ல குறைந்தபட்சமே 7,40,000 டாலர். ஒரே ஒரு படிதான், ஆனா சம்பளம் இருபது மடங்கு. அந்தக் கடைசிப் படிக்கு ஏன் இவ்வளவு முட்டி மோதறாங்கன்னு புரியுதா?

பெரும்பாலானவங்க அந்தப் படியைப் பார்க்கிறதே இல்ல. நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2008-ல 'மில்லியன் டாலர் ஆர்ம்' ரியாலிட்டி ஷோ மூலமா ரிங்கு சிங், தினேஷ் படேல்னு ரெண்டு இந்தியப் பசங்களை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தாங்க. ஈட்டி எறிஞ்சிட்டு இருந்தவங்க. தினேஷை 2010-ல விடுவிச்சுட்டாங்க. ரிங்கு சில வருஷம் போராடினார், காயம் வந்துச்சு, கடைசியில WWE மல்யுத்தத்துக்குப் போயிட்டார். ரெண்டு பேரும் டபிள்-ஏ வரைக்கும்கூட வரல.

ஒரே சீசன்ல நாலு படி

ஹாலிடே கதை நேர் எதிர். 2022 டிராஃப்ட்ல முதல் ஆளா பால்டிமோர் ஓரியோல்ஸ் எடுத்தது அவனைத்தான். ஓக்லஹோமாவுல ஸ்டில்வாட்டர்ங்கிற ஊர்ல பள்ளி முடிச்ச கையோட, போனஸ் மட்டும் 81.9 லட்சம் டாலர். அப்பா மேட் ஹாலிடே, ஏழு தடவை ஆல்-ஸ்டார். ஆனா அந்த அப்பா டிராஃப்ட் ஆனது 1998-ல, ஏழாவது சுற்றுல. மேஜர் லீக் வந்தது 2004 ஏப்ரல்ல. ஜாக்சன் பிறந்தது 2003 டிசம்பர். அதாவது மகன் பிறந்தப்போ அப்பாவே இன்னும் மைனர் லீக்தான்!

2023 சீசனை ஜாக்சன் லோ-ஏ டெல்மார்வாவுல ஆரம்பிச்சான். 14 மேட்ச், ஆவரேஜ் .396. அப்புறம் ஹை-ஏ அபெர்டீன், டபிள்-ஏ போவி, கடைசியில ட்ரிபிள்-ஏ நார்ஃபோக். மொத்தம் 125 மேட்ச், ஆவரேஜ் .323, 12 ஹோம் ரன். பேஸ்பால் புதுசா கேட்கிறவங்களுக்கு: .300னா பத்து வாய்ப்புக்கு மூணு ஹிட். அதுவே நல்ல பேட்ஸ்மேன்னு அர்த்தம்.

நான் டேட்டாவோட குடும்பம் நடத்துற ஆளு. அதனால ஸ்கோர்கார்டை எப்படிப் படிக்கணும்னு கொஞ்சம் சொல்றேன். ஒண்ணு, ஆவரேஜை விட வயசைப் பாருங்க. டபிள்-ஏல ஆடறவங்க பெரும்பாலும் இருபதுகளோட நடுவுல இருப்பாங்க. 19 வயசுல ஒருத்தன் அங்க சமாளிச்சாலே பெரிய விஷயம். ரெண்டாவது, ஸ்ட்ரைக்-அவுட்டையும் வாக்கையும் பாருங்க. ஹிட் விழறதுல அதிர்ஷ்டம் நிறைய கலந்திருக்கு. எந்தப் பந்தை விடணும், எதை அடிக்கணும்ங்கிற கண்ணுல அவ்வளவு கலப்பு இல்ல. மூணாவது, 14 மேட்ச் சாம்பிளை நம்பாதீங்க. .396 பார்த்து நான் துள்ளினேன். அது என் தப்பு.

கீழே விழுந்த பதினஞ்சு நாள்

2024 சீசன் தொடக்கத்துல அவனை மேலே எடுக்கல. இடதுகை பிட்சர்களை இன்னும் கொஞ்சம் சந்திக்கட்டும், செகண்ட் பேஸ் பழகட்டும்னு கிளப் சொல்லிச்சு. ரசிகர்களுக்கு எப்பவும் இதுல ஒரு சந்தேகம் உண்டு. ஏன்னா, மேஜர் லீக்ல 172 நாள் இருந்தா ஒரு வருஷக் கணக்கு. ஆறு வருஷம் முடிஞ்சாதான் வீரர் விரும்பின கிளப்புக்குப் போக முடியும். கொஞ்ச நாள் லேட்டா கூப்பிட்டா கிளப்புக்கு ஒரு வருஷம் கூடுதலா கிடைக்கும். ஹாலிடே விஷயத்துல காரணம் எதுன்னு நான் தீர்ப்பு சொல்லப்போறதில்ல. இப்படி ஒரு விதி இருக்கும்போது சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஏப்ரல் 10, பாஸ்டன்ல அறிமுகம். அலாரம் வச்சு விடியற்காலையில எழுந்தேன். நாலு வாய்ப்பு, ஹிட் இல்ல. சரி, முதல் நாள்தானேன்னு விட்டேன். மறுநாள், அதுக்கு மறுநாள்னு போய்க்கிட்டே இருந்துச்சு. பத்து மேட்ச் முடிஞ்சப்போ 34 வாய்ப்புல ரெண்டே ஹிட். 18 ஸ்ட்ரைக்-அவுட். ஆவரேஜ் .059. ஏப்ரல் 26 அன்னிக்கு திரும்ப நார்ஃபோக்குக்கே அனுப்பிட்டாங்க.

இதுக்கு 'ஆப்ஷன்'னு பேரு. வீரரை வேற கிளப் தூக்கிட்டுப் போற ஆபத்து இல்லாம கீழே அனுப்பற உரிமை. மூணு சீசன்ல பயன்படுத்தலாம். கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா நாடே பார்த்துட்டு இருக்கிறப்போ பெட்டியைக் கட்டுறது சாதாரணமா?

எப்படி இவ்வளவு மோசமாச்சு? ஒரு காரணம் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமா இருந்துச்சு. 2023-லேர்ந்து ட்ரிபிள்-ஏ மைதானங்கள்ல பந்து ஸ்ட்ரைக்கா இல்லையான்னு சொல்ல கேமரா அமைப்பு வந்துடுச்சு. அப்போ சில மேட்ச்ல முழுசா இயந்திரமே சொல்லுச்சு, சில மேட்ச்ல அம்பயரை எதிர்த்து அப்பீல் பண்ண முடிஞ்சுது. மேஜர் லீக்ல அப்போ மனுஷ அம்பயர்தான். பந்தை விட்டு வாக் எடுக்கிற கண் இருக்கிற பையனுக்கு, படி ஏறினதும் ஸ்ட்ரைக் ஜோனே மாறிடுச்சு. டெஸ்டிங்ல ஒரு மாதிரி, புரொடக்‌ஷன்ல வேற மாதிரின்னு நாங்க சொல்றது இதைத்தான். அதுக்கு மேல, அங்க இருக்கிற பிட்சர்கள் உலகத்துலயே சிறந்தவங்க. அவனோட பலவீனத்தை ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுடுவாங்க.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த ஏப்ரல் எனக்கும் மோசம்தான். பழைய டீம்ல நல்லா பண்றேன்னு சீனியர் டீமுக்கு மாத்தினாங்க. மூணே வாரத்துல ரெண்டு ரிலீஸை நான் உடைச்சேன். மேனேஜர் தன்மையாதான் சொன்னார், "கொஞ்ச நாள் பழைய வேலையைப் பாருங்க"ன்னு. வீட்ல சொல்லல. "வேலை எப்படிப் போகுதுப்பா?"ன்னு அப்பா போன்ல கேட்டப்போ, நல்லா போகுதுன்னு பொய் சொன்னேன். அன்னிக்கு ராத்திரி நார்ஃபோக் ஸ்கோர்கார்டைத் திறந்து வச்சுட்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்த நாள்

மூணு மாசம் நார்ஃபோக்ல ஆடினான். ஜூலை 31-ல திரும்ப மேலே. டொரான்டோவுக்கு எதிரான அந்த மேட்ச்லயே, மூணு பேஸ்லயும் ஆள் நிக்கறப்போ ஹோம் ரன். கிராண்ட் ஸ்லாம். அவனோட முதல் மேஜர் லீக் ஹோம் ரனே அதுதான்.

இதோட முடிச்சா சினிமா மாதிரி இருக்கும். ஆனா அந்த சீசன் முடிவுல அவன் ஆவரேஜ் .189தான், 60 மேட்ச்ல 5 ஹோம் ரன். கிராண்ட் ஸ்லாம் அடிச்சதால எல்லாம் சரியாகிடல. ஆனா இந்தத் தடவை அவனைக் கீழே அனுப்பல. தடுமாறிக்கிட்டே, மேலேயே இருந்து கத்துக்கிட்டான்.

நீங்களும் யாரையாவது பின்தொடரணும்னு நினைச்சா, பிரபலமான பேரா பார்க்காதீங்க. ஏதாவது ஒரு லோ-ஏ டீமை எடுங்க, 19, 20 வயசுல ஒருத்தனைத் தேர்ந்தெடுங்க, ரெண்டு வருஷம் பாருங்க. அவன் மேஜர் லீக் வராமலே போகலாம். அதுக்கும் தயாரா இருங்க.

என் விஷயம்? செப்டம்பர்ல திரும்ப அந்த சீனியர் டீமுக்குப் போனேன். இன்னும் அங்கதான் இருக்கேன். அப்பாகிட்டயும் ஏப்ரல்ல நடந்ததைச் சொல்லிட்டேன். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே"ன்னார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.