வெண்பனி பெய்யும் நாளில் பள்ளி

பனி என்றதும் நம் நினைவுக்கு வருவது மார்கழி வைகறையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், முன்பனி, பின்பனி என இரண்டனை அதற்கென ஒதுக்கினர். ஆயினும், வானினின்று பஞ்சுத் துகள்போல் இறங்கி நிலத்தை முழங்கால் அளவும் மூடிவிடும் பனியை நம் சமவெளிகள் கண்டதில்லை. வேறுபாடு தோன்றுதற்பொருட்டு அதனை வெண்பனி என்று குறிப்போம். வெண்பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலந்தோறும் எழும் வினா ஒன்று உண்டு. பெய்யும் நாளில் பள்ளியைத் திறப்பதா, மூடுவதா என்பதே அது. விடுமுறையை விரும்பும் சிறுவர்க்கு இஃது எளிய வினாவாகத் தோன்றலாம். அமெரிக்க நாட்டு வரலாற்றை நோக்கின் இதன் அருமை புலனாகும்.

1888ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், வியாழக்கிழமை. அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள நெப்ராஸ்காவிலும், அந்நாளில் டகோடா ஆட்சிப்பகுதி என வழங்கிய நிலத்திலும், கண்ணுக்கெட்டிய தொலைவு புல்வெளியே பரந்து கிடந்தது. அங்குக் குடியேறிய உழவர்க்கு மரம் கிடைத்தல் அரிதாகலின், புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினர். பள்ளிகளுள்ளும் பல அவ்வாறே எழுந்தன. ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் ஒரு கணப்பும் இருப்பின் அது பள்ளி. கடுங்குளிருக்குப்பின் அன்று காலை இதமான வெயில் அடித்தது. பிள்ளைகள் பலர் கனத்த மேலாடையும் கையுறையும் இன்றி மகிழ்வோடு பள்ளிக்குச் சென்றனர்.

சில மணி நேரத்திற்குள் வடதிசையிலிருந்து துருவக் குளிர்காற்று பேரிரைச்சலோடு வந்து மோதியது. மாவினும் நுண்ணிய பனித்துகள் கண்ணையும் மூக்கையும் அடைத்தது. நீட்டிய கை நீட்டியவனுக்கே தெரியவில்லை. வானிலையைக் கணிக்கும் பணி அக்காலத்தில் அந்நாட்டுப் படைத்துறையின் செய்திப் பிரிவிடம் இருந்தது. தந்திக் கம்பி எட்டாத புல்வெளிப் பள்ளிகளுக்கு எச்சரிக்கை சென்று சேர வழியேது? பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்புவதா, உள்ளேயே வைத்துக்கொள்வதா என்பதை, இளம்பருவத்து ஆசிரியைகள் பலர் தனியே நின்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

ஆர்டு என்னும் ஊரை அடுத்த பள்ளியொன்றில் மின்னி பிரீமன் என்னும் இளம்பெண் ஆசிரியையாக இருந்தாள். புயல் கூரையைப் பெயர்த்துவிடவே, உள்ளிருத்தல் இயலாதென உணர்ந்து, மாணவர் அனைவரையும் ஒருசேர நடத்திச் சென்று பண்ணைவீடு ஒன்றிற் சேர்ப்பித்தாள். பதின்மூவர் பிழைத்தனர் என்று அவ்வாண்டே அவள் புகழ்பாடும் பாட்டொன்று அச்சாகி நாடெங்கும் பரவியது. பிள்ளைகளைக் கயிற்றாற் பிணைத்து அழைத்துச் சென்றாள் என்பர்; கயிறு உண்டோ இல்லையோ என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எங்ஙனமாயினும், பிள்ளைகள் பிழைத்தது உண்மை.

லோயிஸ் ராய்ஸ் என்னும் மற்றோர் ஆசிரியைக்கு அந்நல்லூழ் வாய்க்கவில்லை. விறகு தீர்ந்துபோன பள்ளியிலிருந்து, இருநூறு கெஜத்திற்கும் குறைந்த தொலைவிலிருந்த வீட்டிற்கு மூன்று குழந்தைகளை அழைத்துச் சென்றாள். அச்சிறு தொலைவிற்குள் வழி தவறிற்று. இரவெல்லாம் திறந்த வெளியில் கிடந்து குழந்தைகள் மூவரும் விறைத்து இறந்தனர். அவள் உயிர் பிழைத்தாள், பாதங்களை இழந்தாள். இருவரிடத்தும் அன்பும் துணிவும் ஒன்றாகவே இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது. அப்புயலில் இறந்தோர் ஏறத்தாழ 235 பேர் என்பர். அவருள் பள்ளிப் பிள்ளைகள் பலராதலின் 'குழந்தைகளின் பனிப்புயல்' என்றே அது பெயர் பெற்றது.

அக்காலம் வேறு, இக்காலம் வேறு எனத் தோன்றலாம். இன்று வானிலையறிஞர் பல நாள் முன்னரே எச்சரிக்கின்றனர். காற்று மணிக்கு 35 மைல் விரைவுக்குக் குறையாமல் வீச, பனியினால் கால் மைலுக்கு அப்பால் கண் தெரியாத நிலை மூன்று மணி நேரமேனும் நீடிப்பின் அதனைப் பனிப்புயல் என வரையறுத்தும் உள்ளனர். ஆயினும் 2014ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அட்லாண்டா நகரில் நிகழ்ந்தது யாது? பெய்தது மூன்று அங்குலத்திற்கும் குறைவான பனியே. ஏரிக்கரை நகரமாகிய பபலோவில் அதனை ஒருவரும் பொருட்படுத்தார். தென்னாட்டு நகராகிய அட்லாண்டாவிலோ பனியை வாரும் வண்டிகள் மிகக் குறைவு. காலையில் பள்ளிகளைத் திறந்துவிட்டு, பனி தொடங்கிய பின் நண்பகலையொட்டிப் பிள்ளைகளை அனுப்பினர். அலுவலகங்களில் இருந்தோரும் அந்நேரமே புறப்பட்டனர். உருகியுறைந்த பனி சாலையைக் கண்ணாடியாக்கியது. ஊர்திகள் நகரவில்லை. ஆயிரக்கணக்கான மாணவர் பள்ளியிலேயே இரவைக் கழித்தனர். சிலர் பள்ளிப் பேருந்துகளிலேயே சிக்கிக் கிடந்தனர்.

ஆகவே, எத்தனை அங்குலம் பெய்தால் மூடலாம் என்னும் கேள்வி பயன்படாது. ஊருக்கு ஊர் அவ்வளவு வேறுபடும். திறந்துவிட்டு இடையில் அனுப்புவதே மிகக் கொடிது. அவ்வேளையில் பிள்ளை நிற்குமிடம் பள்ளியுமன்று, வீடுமன்று, நடுவழி.

இனி, மூடினால் படிப்புக் கெடும் என்பார் உளர். மூடிய நாட்களைக் கோடைத் தொடக்கத்தில் நீட்டி ஈடுசெய்வது அந்நாட்டில் பல பள்ளிகளின் வழக்கம். அன்றியும், மாசசூசெட்சு மாநிலப் பள்ளிகளை ஆராய்ந்து ஜோசுவா குட்மன் என்னும் பொருளியலறிஞர் 2014இல் வெளியிட்ட முடிவு நோக்கத்தக்கது. பனிக்காகப் பள்ளி மூடிய நாட்களால் மாணவர் தேர்ச்சி குறையவில்லை; பள்ளி நடக்கையில் மாணவர் வாராது நின்ற நாட்களே அதனைக் குறைத்தன. காரணம் எளிது. அனைவரும் இல்லையெனின் பாடம் நின்று மறுநாள் தொடரும். பாதிப்பேர் இருப்பின் ஆசிரியர் யாது செய்வார்? வந்தவர்க்கு நடத்தினால் வாராதவர்க்கு இழப்பு. வாராதவர்க்காக மீண்டும் நடத்தினால் வந்தவர்க்கு இழப்பு. அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாள் நியூயார்க்கு நகரில் கடும்பனியிலும் பள்ளிகளைத் திறந்தனர். மாணவருள் பாதிக்கும் குறைவானவரே வந்தனர்.

எனினும் மூடுவோர் எண்ண வேண்டிய பிறிதொன்று உண்டு. கூலிவேலைக்குச் செல்லும் தாய், பள்ளி மூடிய நாளில் பிள்ளையை யாரிடம் விடுவாள்? வறிய வீட்டுப் பிள்ளைகள் பலர்க்குப் பள்ளியுணவே நாளின் நல்லுணவாகும். நாடு தழுவிய பள்ளி உணவுச் சட்டம் அமெரிக்காவில் 1946இல் இயற்றப்பட்டது. மூடிய பள்ளியிலோ அடுப்பு எரிவதில்லை. பனி, செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டும் வறியவர் வீட்டுப் பிள்ளைக்குப் பசியும் ஆதல் முறையாகாது. மூடும் அறிவிப்போடு உணவு கிடைக்குமிடத்தையும் அறிவித்தலே தக்கது என்பது என் கருத்து.

கணினிவழிப் பாடம் வந்தபின் விடுமுறையே வேண்டா என்றனர் சிலர். 2024 பிப்ரவரி 13இல் நியூயார்க்கு நகரம் அதனைச் செய்து பார்த்தது. காலையில் மாணவரும் ஆசிரியரும் பலர் வகுப்பினுள் நுழையவே இயலாது தவித்தனர். சிறுவர் இதற்கு வருந்தியிருப்பர் எனத் தோன்றவில்லை. பனி விடுமுறை வேண்டி, இரவுடையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி அணிந்தும், தலையணைக்கீழ்க் கரண்டியை வைத்தும் உறங்குவது அமெரிக்கச் சிறுவரிடையே வேடிக்கை வழக்கம்.

அவர்கள் உறங்கும் அவ்வேளையில் கல்வி அதிகாரி உறங்குவதில்லை. விடியுமுன்னரே எழுந்து, சாலைகளைக் கண்டு, வானிலை அறிவிப்பைப் படித்து, அண்டை ஊர் அதிகாரிகளோடு பேசி முடிவு செய்கிறார். மூடியபின் வெயில் அடித்தால் பெற்றோர் நகைப்பர். திறந்தபின் புயல் வந்தால் பொறுக்கமாட்டார். முதற்பேருந்து கொட்டிலை விட்டுப் புறப்படுமுன் அவர் சொல்லியாக வேண்டும்.