புதிய பாட்டுக் கருவி வந்தால் பழைய முதலிடம் பறிபோகுமா?

சந்தைக்கு ஒரு புதிய பாட்டுக் கருவி வருகிறது. கைக்கு அடக்கம், ஒலி துல்லியம், விலையும் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே முதலிடத்தில் இருப்பதை இது கீழே தள்ளுமா? ஆப்பிளின் ஐபாட் வந்த 2001-க்குப் பிறகு பத்து வருடம் உலகம் முழுக்க இந்தக் கேள்வி ஓடியது. ஒவ்வொரு புதுக் கருவியையும் ‘ஐபாடுக்கு எமன்’ என்று சொல்லி விற்றார்கள். எமன்கள்தான் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்களே தவிர, ஐபாட் அசையவில்லை. பிறகு ஒரு நாள் அதுவும் போனது; ஆனால் போட்டிக்கு வந்த எந்தப் பாட்டுக் கருவியாலும் அல்ல.

இதற்கான காரணத்தை அமெரிக்கக் கதையில் பாதி தெரிந்துகொள்ளலாம். மீதிப் பாதி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் கடைத்தெருவில் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், கருவி எவ்வளவு நல்லது என்பது இரண்டாவது விஷயம். பாட்டு அதற்குள் எந்த வழியாக, எவ்வளவு சுலபமாக வந்து சேர்கிறது என்பதே முதல் விஷயம்.

நம்மூரில் முதலிடம் யாருக்கு இருந்தது?

ஐபாடுக்கு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களில் பாட்டு முதலில் வானொலி வழியாக வந்தது. இலங்கை வானொலி, திருநெல்வேலி, மதுரை நிலையங்கள், பிறகு கொடைக்கானல் பண்பலை. கேசட் வந்ததும் ரெக்கார்டிங் சென்டர்கள் வந்தன. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு. ஒரு பாட்டு நீளமாக இருந்தால் ஐந்து. நாடா தீர்ந்து கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோனால், அதையும் அறுந்தபடியே கேட்டுப் பழகினார்கள்.

கேசட்டுக்குப் பின் அந்த இடத்தைப் பிடித்தது செல்போனுக்குள் போடும் மெமரி கார்டு. ரெக்கார்டிங் சென்டரின் வேலையைச் செல்போன் கடை எடுத்துக்கொண்டது. ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியோ ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியிலோ அப்படிப்பட்ட ஒரு கடையில் பேச்சு இந்த அளவில் முடிந்துவிடும்:

“தம்பி, எட்டு ஜிபி கார்டு ஒண்ணு குடுங்க. பாட்டும் ஏத்திருங்க.”

“என்ன பாட்டு அண்ணாச்சி? பழசா, இளையராஜாவா, புதுசா?”

“பாதி ராஜா, பாதி எம்.எஸ்.வி. வீட்ல அம்மாவுக்குக் கொஞ்சம் சாமி பாட்டு.”

கடைக் கம்ப்யூட்டரில் எல்லாம் வகை பிரித்துத் தயாராக இருக்கும்: இளையராஜா ஹிட்ஸ், டி.எம்.எஸ். தத்துவம், சோகம், ஐயப்பன், அம்மன், கானா. நான்கைந்து தொகுப்புகளை இழுத்துக் கார்டில் போட்டுவிட்டால், ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஏறிவிடும். ஒரு பாட்டு சுமார் 5 எம்பி என்று வைத்தால், 8 ஜிபி கார்டில் 1,500 பாட்டுக்கு மேல் பிடிக்கும். 2001 அக்டோபரில் 399 டாலர் விலையில் அறிமுகமான முதல் ஐபாடின் பெருமையே ‘உங்கள் பையில் 1,000 பாட்டு’ என்பதுதான். அதைவிட அதிகமான பாட்டைச் சில நூறு ரூபாயில் செல்போன் கடை கொடுத்தது.

பதிப்புரிமைச் சட்டப்படி இப்படி ஏற்றிக் கொடுப்பது குற்றம். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் இதில் ஒரு காசு போகவில்லை. ஆனாலும் சந்தையின் உண்மை நிலை அதுதான். இங்கே ஒரு புதிய கருவி போட்டியிட வேண்டியிருந்தது ஐபாடோடு அல்ல, இந்தக் கடைக்காரத் தம்பியோடு. அவரிடம் பாட்டு இருக்கிறது, விலை குறைவு, வாடிக்கையாளரிடம் கம்ப்யூட்டர் இருக்க வேண்டியதில்லை, ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.

ஐபாடின் நிலை நேர் எதிர். பாட்டு ஏற்ற வீட்டில் கம்ப்யூட்டர் வேண்டும். அமெரிக்காவில் 2003-லேயே திறக்கப்பட்ட ஐட்யூன்ஸ் பாட்டுக் கடை இந்தியாவுக்கு வந்தது 2012 டிசம்பரில். அதற்குள் உலகச் சந்தையில் ஐபாடின் உச்சம் முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அங்கே அதைத் தூக்கி நிறுத்திய தூண் இங்கே உரிய காலத்தில் நடப்படவே இல்லை.

நல்ல கருவி ஏன் தோற்கிறது?

2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ‘ஜூன்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. 30 ஜிபி இடம், ஐபாடைவிடப் பெரிய திரை, ஐபாடில் இல்லாத எஃப்.எம். வானொலி, கம்பியில்லாமல் நண்பருக்குப் பாட்டு அனுப்பும் வசதி. பின்னால் பணத்துக்குக் குறைவில்லாத நிறுவனம். காகிதத்தில் பார்த்தால் ஜெயித்திருக்க வேண்டும்.

வாங்கியவர்கள் கையில் நடந்தது வேறு. நண்பர் அனுப்பிய பாட்டை மூன்று முறைதான் கேட்கலாம். அதுவும் மூன்று நாளைக்குள். அப்படி அனுப்ப வேண்டுமென்றாலும் நண்பரிடமும் ஜூன் இருக்க வேண்டும். பக்கத்தில் யாரிடமும் இல்லை. இன்னொரு கோளாறு இதைவிடப் பெரிது. அதற்கு முன்னால் மைக்ரோசாஃப்ட் தன் தொழில்நுட்பத்தைப் பல இணையப் பாட்டுக் கடைகளுக்கும் கருவி தயாரிப்பாளர்களுக்கும் கொடுத்திருந்தது. அந்தக் கடைகளில் பணம் கொடுத்து வாங்கிய பாட்டுகள் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியான ஜூனில் பாடவில்லை. நம்பி வந்தவர்களையே வாசலில் நிறுத்திவைத்ததுபோல் ஆயிற்று. 2011-இல் கருவித் தயாரிப்பு நின்றது. இந்தியாவில் அது அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவே இல்லை.

சோனியின் கதை இன்னும் வேடிக்கை. நடந்துகொண்டே பாட்டு கேட்கும் பழக்கத்தை உலகத்துக்குக் கொடுத்ததே 1979 ஜூலையில் வந்த அதன் வாக்மேன்தான். எம்பி3 காலம் வந்தபோது பெயர், பொறியாளர்கள், தொழிற்சாலை எல்லாம் அதனிடம் இருந்தன. கூடவே ஒரு பெரிய இசை நிறுவனமும் அதனிடம் இருந்தது, சிக்கல் அங்கேதான். பாட்டு திருட்டுப் போகக்கூடாது என்று பயந்து, எம்பி3 கோப்புகளைத் தன் சொந்த வடிவத்துக்கு மாற்றினால்தான் பாடும் என்று வைத்தது. ஊரெல்லாம் எம்பி3 வைத்திருந்தபோது சோனி வாங்கியவர் மட்டும் ஒவ்வொரு பாட்டையும் மாற்றிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. 2004 வாக்கில் பிடிவாதத்தைத் தளர்த்துவதற்குள் இடம் போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வாணலியும் அதே விறகடுப்பும் யாரும் வாங்கிவிடலாம். தினமும் நல்ல பால் தவறாமல் வந்து சேரும் ஏற்பாடு இல்லையென்றால் கடை ஓடாது. பாட்டுக் கருவிக்குப் பாட்டுதான் பால். ஜூனும் சோனியும் வாணலியைப் பளபளப்பாக்கினார்கள். பால் வரும் வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் முதலிடம் எப்போதுதான் மாறும்?

அதே வகைக் கருவி ஒன்று கொஞ்சம் மேம்பட்டு வருவதால் அநேகமாக மாறுவதில்லை. பாட்டு வந்து சேரும் வழியே மாறும்போது மாறுகிறது.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு. இசைத்தட்டுக் காலத்தில் ஹெச்.எம்.வி. முத்திரையோடு கிராமபோன் கம்பெனி கிட்டத்தட்டத் தனியாட்சி நடத்தியது. அதைவிடச் சிறந்த இசைத்தட்டைப் போட்டு யாரும் அதை அசைக்கவில்லை. 1980-களில் மலிவான கேசட் அசைத்தது. இசைத்தட்டு அழுத்தப் பெரிய ஆலை வேண்டும். கேசட் பதியச் சிறிய அறை போதும். டி-சீரிஸ் மலிவு விலைக் கேசட்டுகளைப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனது. தமிழில் இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகள் பலவும் எக்கோ முத்திரையில் வந்து வீடுகளுக்குள் நுழைந்தன.

ஐபாடுக்கும் இதே கதிதான். 2008-இல் உலகம் முழுக்க ஐந்து கோடிக்கு மேல் விற்றது அதன் உச்சம். பிறகு ஆண்டுக்காண்டு சரிந்தது. காரணம் ஜூன் அல்ல, செல்போன். அதிலும் ஆப்பிளின் சொந்த ஐபோன். எப்படியும் பையில் ஒரு போன் இருக்கிறது, அதுவே பாடும் என்றால் இரண்டாவது கருவியை எதற்குச் சுமக்க வேண்டும்? 2022 மே மாதத்தில் ஐபாட் தயாரிப்பை நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது.

நம் பக்கத்தில் மெமரி கார்டுக் கடையை முடக்கியதும் சட்டமோ சோதனையோ அல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. யூடியூப்பில் பாட்டின் பெயரைச் சொன்னாலே போதும் என்றானபோது, கார்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகும் வேலை மிச்சம்.

கேரவான் மட்டும் எப்படி விற்றது?

இணையம் மலிவான மறு வருடமே, 2017-இல், தனியாகப் பாட்டுக் கேட்க ஒரு பெட்டி வந்தது. சரிகம நிறுவனத்தின் கேரவான். பழைய வானொலிப் பெட்டியின் தோற்றம், முன்னால் ஒரு திருகு, உள்ளே ஏற்கெனவே பதிந்த 5,000 பாட்டுகள். விலை சுமார் 6,000 ரூபாய். இந்தியில் தொடங்கித் தமிழிலும் வந்தது. எல்லாமே போனில் கிடைக்கும் நேரத்தில் இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. லட்சக்கணக்கில் விற்றது.

சரிகம வேறு யாரும் இல்லை, அந்தப் பழைய கிராமபோன் கம்பெனிதான். கேசட் காலத்தில் சந்தையை இழந்தாலும் பழைய பாட்டுகளின் உரிமை அதன் கிடங்கில் பத்திரமாக இருந்தது. பால் தன்னிடம் இருந்ததால் வாணலியை எளிமையாகச் செய்துகொள்ள முடிந்தது.

இரண்டாவது காரணம், அது செல்போனோடு சண்டைக்கே போகவில்லை. போனில் பாட்டு தேடத் தெரிந்த இளைஞருக்காக அது வரவில்லை. அவருடைய அப்பா, அம்மாவுக்காக வந்தது. திருகைத் திருப்பினால் டி.எம்.எஸ்., இன்னொரு பக்கம் திருப்பினால் பி.சுசீலா. கடவுச்சொல் இல்லை, விளம்பரம் இல்லை, நடுவில் யாரும் போன் பண்ண மாட்டார்கள். கேட்பவர் ஒருவர், வாங்கிக் கொடுப்பவர் இன்னொருவர். பிறந்தநாளுக்கு, அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாகவே பெரும்பாலும் வீடுகளுக்குப் போனது.

அதன் எல்லையும் இங்கேயே தெரிகிறது. ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் அந்த நிறுவனத்தின் கையில் உரிமை உள்ள பாட்டுகளே இருக்கும். வேறு முத்திரையில் வந்த எண்பதுகளின் ராஜா பாட்டைத் தேடுபவருக்கு 5,000-மும் போதாது. அவர் பென்டிரைவைச் செருக வேண்டும். திரும்பவும் அந்தக் கடைக்காரத் தம்பியிடம்தான் போக வேண்டும்.

நாளைக்குப் புதிதாக ஒன்று வந்தால்?

இந்த இரண்டு ஊர்களிலும் மூன்று இடங்களில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். முதலாவது, ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம். மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிகள் நிறைந்த பகுதி. தறிச் சத்தத்தில் ஒலித் துல்லியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சத்தம் கூடிய ஸ்பீக்கர், பஞ்சுத் தூசிக்குத் தாங்கும் உடம்பு, பென்டிரைவ் செருக ஒரு துளை. உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத மலிவு ஸ்பீக்கரே இதைச் செய்கிறது. புதியவர் இங்கே விலையில் ஜெயிப்பது கடினம்.

இரண்டாவது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மார்கழி விடியற்காலை. ஆண்டாள் பிறந்த ஊர். திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் வரிசையாக, குளிரில் கண்ணாடி தேடாமல், ஒரே பொத்தானில் பாட வேண்டும். போனில் தேடினால் முதலில் விளம்பரம் வந்து நிற்கும். இங்கே தனிக் கருவிக்கு நிஜமான இடம் இருக்கிறது. பக்திப் பாட்டு மட்டும் பதிந்து வரும் சிறு பெட்டிகள் விற்பதும் இதனால்தான்.

மூன்றாவது, திருமங்கலம்–கொல்லம் சாலையில் போகும் பேருந்து. ஜன்னலோரம் இருக்கும் கல்லூரி மாணவரிடம் போனும் இயர்போனும் இருக்கின்றன. அவரிடம் இன்னொரு கருவியை விற்பதற்குக் காரணமே இல்லை. ஒலிப் பிரியர்களுக்காகச் சோனியும் சீன நிறுவனங்களும் இன்றும் உயர்தரக் கருவிகளைத் தயாரிக்கின்றன. அவற்றை வாங்குபவர்கள் மிகச் சிலர்.

ஆகவே நீங்கள் வாங்கும் இடத்தில் இருந்தால், விளம்பரத்தில் இருக்கும் ஜிபி கணக்கை விட்டுவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். நமக்குப் பிடித்த பாட்டுகள் இதில் உண்மையிலேயே இருக்கின்றனவா? பட்டியலைப் பார்க்காமல் வாங்காதீர்கள். புதுப் பாட்டு சேர்க்க என்ன வழி? பேட்டரி போனால் ராஜபாளையத்திலேயே மாற்ற முடியுமா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா? யாருக்காக வாங்குகிறோமோ அவர், நாம் பக்கத்தில் இல்லாமலே இதை இயக்குவாரா?

நான்குக்கும் நல்ல பதில் இருந்தால் அந்தக் கருவி உங்கள் வீட்டில் ஜெயிக்கும். சந்தையில் செல்போனைத் தள்ளிவிட்டு முதலிடம் பிடிக்குமா என்றால், பிடிக்காது. அதற்குப் பாட்டு நம்மிடம் வந்து சேர யூடியூப்பைவிடச் சுலபமான ஒரு வழி பிறக்க வேண்டும். அது பிறக்கும்போது பாட்டுக் கருவி என்ற பெயரில் வராமலும் இருக்கலாம்.