பைக்குள் பயணம் போகும் மீன்



வீட்டு வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டியிலோ பழைய ஜாடியிலோ கப்பி மீன் வளர்க்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. கப்பி ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டி போடும். தொட்டி நிறைந்ததும், "ஜொகூரில் இருக்கும் அத்தை மகனுக்குப் பத்து மீன் அனுப்பலாமே அம்மா" என்பான் பையன். ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு மீனைப் போட்டு, வாயால் ஊதிக் கட்டி, பேராக்கிலிருந்து இரவு பஸ் ஏறும் மாமா கையில் கொடுத்துவிடுகிறோம். விடிந்து பார்த்தால் பாதி மீன் மிதக்கிறது. காற்று போதவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதிக்குக் காரணம் அம்மோனியா. பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பால் கட்டியாகாமல் இருக்க ஊற்றுவோமே, மூக்கைத் துளைக்கும் நெடியுள்ள அந்த மருந்துதான். மீன் தின்ற இரை செரித்த பின், அதன் கழிவு அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் கலக்கிறது. தொட்டியில் அது பரவிப் போகும். கட்டிய பைக்குள் எங்கே போகும்?

ஆகவே அனுப்புவதற்கு முன் ஒரு நாள், பெரிய மீனாக இருந்தால் இரண்டு நாள், இரை போடாதீர்கள். பட்டினி போடுவது பாவம் என்று பாட்டி தடுக்கக்கூடும். அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: வயிறு நிறைந்து புறப்படும் மீன்தான் வழியில் சாகும்.

இனி காற்றைப் பார்ப்போம். வெளிக்காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு இருக்கிறது. நாம் விடும் மூச்சிலோ அது 16 விழுக்காடாகக் குறைந்து, கரியமில வாயு 4 விழுக்காடு சேர்ந்துவிடுகிறது. எனவே பையை வாயால் ஊதவே கூடாது. வாயை அகல விரித்து ஒரு வீசு வீசிக் காற்றைப் பிடித்து, முறுக்கி, ரப்பர் வளையம் போடுங்கள். மீன் கடையில் கேட்டால் சிலிண்டரிலிருந்து பிராணவாயு அடைத்துத் தருவார்கள்; தூரப் பயணத்துக்கு அதுவே நல்லது. பையில் தண்ணீர் ஒரு பங்கு, காற்று இரண்டு பங்கு. நிறையத் தண்ணீர் ஊற்றினால் மீனுக்குச் சுகம் என்று நினைப்பது தவறு. ஒரு பைக்குள் இன்னொரு பை போட்டு, மூலைகளை மடித்து ஒட்டிவிடுங்கள். குட்டி மீன் மூலையில் சிக்கி நசுங்கும். செய்தித்தாளில் சுற்றினால் இருட்டில் மீன் அமைதியாக இருக்கும். வெயில் படாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும்.

சண்டை மீனுக்கு மட்டும் கணக்கு வேறு. அது நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே நேராகக் குடிக்கும். ஒரு பைக்கு ஒரு மீன், முதுகு மூழ்கும் அளவை விடச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர், சாதாரணக் காற்று, அவ்வளவு போதும்.

மீன் போய்ச் சேர்ந்த பிறகுதான் பலரும் ஏமாறுகிறார்கள். உயிரோடு வந்த மீன் தொட்டியருகே ஒரு மணி நேரத்தில் சாகிறது. ஏன்? மீன் விட்ட கரியமில வாயு பைத் தண்ணீரைச் சற்றே புளிக்க வைத்திருக்கும். புளித்த நீரில் அம்மோனியாவின் நஞ்சு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும், சோடா போத்தலைத் திறந்தது போல, வாயு வெளியேறும், புளிப்புக் குறையும், அடங்கிய நஞ்சு விழித்துக்கொள்ளும். பையைத் திறந்து வைத்துக்கொண்டு, கரண்டி கரண்டியாகத் தொட்டித் தண்ணீரை நெடுநேரம் கலக்கும் வழக்கம், தூரத்திலிருந்து வந்த மீனுக்கு ஆகாது.

கட்டை அவிழ்க்காமல் பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகட்டும். பிறகு திறந்து, தாமதிக்காமல் சிறு வலையால் மீனை எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. குழாய்த் தண்ணீர் நிரப்பிய புதுத் தொட்டியானால், குளோரின் போக ஒரு நாள் முன்பே பிடித்துத் திறந்து வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் குழாய் நீரில் கலப்பது குளோரமின். அது அப்படிப் போகாது, கடையில் விற்கும் மருந்து ஊற்ற வேண்டும்.

ஒரு சொல் கூடுதலாக. கெலிசா மீன் அனைத்துலக ஒப்பந்தத்தால் பாதுகாக்கப்பட்டது. உரிமம் இல்லாமல் அதை எல்லை தாண்டி அனுப்பினால் குற்றம். கப்பியே ஆனாலும், பாலம் கடந்து சிங்கப்பூருக்கு அனுப்பும் முன் அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்த அன்று மீனுக்கு இரை வேண்டாம். மறுநாள் காலை, ஒரு சிட்டிகை போடச் சொல்லி அத்தை மகனுக்கு எழுதிவிடுங்கள்.