மூன்று குரல்களில் ஒரு வாழ்வு

பாட்டினால் கதை சொல்லும் வழக்கம் நமக்குப் புதியதன்று. கூத்தும் இசை நாடகமும் கண்டு வளர்ந்தவர்கள் நம் முன்னோர். ஆயினும், நம் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு தலைவரை மேடையில் பாட வைப்பது எளிதன்று. சற்றே மிகையானாலும் நாடகம் வெறும் துதிப்பாடலாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலாவைப் பற்றிய ‘மண்டேலா முத்தொடர்’ என்னும் இசை நாடகம் இவ்விடரை எங்ஙனம் கடந்தது என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கேப் டவுன் ஆப்பரா நிறுவனத்தார் 2010 ஆம் ஆண்டில் முதன்முதல் மேடையேற்றிய நாடகம் இது. எழுதி இயக்கியவர் மைக்கேல் வில்லியம்ஸ். இசையமைத்தவர்கள் மூவர், மண்டேலாவாகப் பாடுவோரும் மூவர். ஒருவரே மூன்று பருவங்களுக்கும் வேடமிடவில்லை. பருவந்தோறும் குரல் மாறுகிறது, இசையும் மாறுகிறது.

1918 இல் டிரான்ஸ்கை நாட்டுப்புறத்தில் பிறந்த சிறுவனின் பருவத்தில் கோசா மக்களின் மரபிசை ஒலிக்கிறது. 1941 இல் ஜோகன்னஸ்பர்க் சென்ற இளைஞனுக்கு, சோபியாடவுன் பகுதியில் முழங்கிய ஜாஸ் இசை துணை நிற்கிறது. சிறைப் பருவத்திற்கு மேனாட்டு ஆப்பரா இசை அமைகிறது. பிறந்த ஊரின் பாட்டை நெஞ்சில் சுமந்துகொண்டு பெருநகரத்தின் இசையைச் செவியில் ஏற்கும் அனுபவத்தை, ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை அன்றோ!

அந்தச் சோபியாடவுன் நிலைக்கவில்லை. 1955 இல் வெள்ளை அரசு அங்கிருந்த கறுப்பின மக்களை வெளியேற்றத் தொடங்கியது. வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. அவ்விடத்தில் எழுந்த வெள்ளையர் குடியிருப்புக்கு, ‘வெற்றி’ எனப் பொருள்படும் ‘டிரியோம்ஃப்’ என்னும் பெயரைச் சூட்டியது. 2006 இல் பழைய பெயர் மீண்டது. இடிந்த தெருக்களோ மீளவில்லை. அத்தெருக்களின் இசை மட்டும் மேடையில் உயிர்க்கிறது.

1964 இல் ஆயுள் தண்டனை பெற்ற மண்டேலா, ராபன் தீவில் சுண்ணாம்புக்கல் வெட்டினார். கைதிகள் வேலைப்பாட்டுக்குள் அதிகாரிகளை எள்ளி நகையாடிப் பாடினர். பொருள் விளங்கியதும் பாட்டுக்கும் சீட்டிக்கும் தடை வந்தது. பாடுவதே குற்றமான இடத்தில் வாழ்ந்தவரின் கதை இன்று பாட்டாகவே நிற்கிறது. இதனினும் தக்க மறுமொழி வேறு யாது?

ஆனால், தலைவரின் புகழுக்கு வீட்டார் கொடுத்த விலையையும் நாம் மறத்தலாகாது. 1968 இல் அன்னை மறைந்தார். 1969 இல் மூத்த மகன் தெம்பி விபத்தில் மாண்டான். இருவரின் இறுதிச் சடங்கிற்கும் செல்ல மண்டேலாவுக்கு இசைவு கிடைக்கவில்லை. 1990 இல் 27 ஆண்டுச் சிறைவாழ்வு முடிந்து வெளிவந்தவர், 1994 இல் குடியரசுத் தலைவரானார்; ஒரே பதவிக்காலத்தோடு 1999 இல் விலகினார். 2013 இல் மறைந்தார்.

சிலை ஒரே முகம் காட்டி நிற்கும். மனிதனுக்கோ பல முகங்கள் உண்டு. ஊர்ச்சிறுவன், நகரத்து இளைஞன், சிறைக் கைதி ஆகிய மூவரையும் தனித்தனிக் குரலில் பாடவிட்டதே இந்நாடகத்தின் நேர்மை. நம் சங்க மேடையில் தலைவர்களைப் பற்றி நாடகம் எழுதும் இளைஞர்கள் இதனை உளங்கொள்வார்களாக. நம் பிள்ளைகள் தலைவர்களை வணங்கக் கற்பதற்கு முன்னர், அவர்களை மனிதர்களாக அறியட்டும்.